பிரஸ்டீஜ் – ஒரு கண்கட்டு வித்தை

அழைப்பில்லாமல் நம் வீடுகளுக்குள் நுழைந்து, கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்ட அயல்நாட்டுச் சொற்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று ‘பிரஸ்டீஜ்’. ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவரும் இந்தச் சொல்லை மட்டும் தடுமாறாமல் சொல்லிவிடுவார். “அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் குறைவாகச் செய்தால் நம் பிரஸ்டீஜ் என்ன ஆவது?” என்பார் ஒருவர். “அவன் முதலில் வந்து பேசட்டும். நானாகப் போய்ப் பேசினால் என் பிரஸ்டீஜ் போய்விடும்” என்பார் இன்னொருவர். அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை ஆனாலும் சரி, அலுவலகத்தில் யார் மேசையை எங்கே போடுவது என்ற சச்சரவு ஆனாலும் சரி, கடைசியில் அது ‘பிரஸ்டீஜ் பிரச்சினை’ ஆகிவிடுகிறது. அப்படி ஆகிவிட்ட பிறகு அதை எளிதில் தீர்க்க முடியாது என்பதும் நமக்குத் தெரிந்ததே.

1970-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வியட்நாம் வீடு’ திரைப்படத்தில் சிவாஜி கணேசன் ஏற்று நடித்த பாத்திரத்தின் பெயரே ‘பிரஸ்டீஜ்’ பத்மநாப ஐயர். வேலையில் இருந்தவரை ஓங்கி ஒலித்த அவருடைய குரல், ஓய்வு பெற்ற பிறகு சொந்த வீட்டிலேயே எடுபடாமல் போவதுதான் அந்தக் கதையின் வேதனை. அந்தப் பெயர் பட்டிதொட்டியெல்லாம் பரவியது. போதாக்குறைக்கு, அம்மாமார்களின் சமையலறையில் விசில் அடிக்கும் குக்கர் ஒன்றுக்கும் அதே பெயர். கூடம், சமையலறை, திரையரங்கு ஆகிய மூன்றிலும் குடியேறிவிட்ட சொல் இது.

வீட்டுக்கு ஒரு வரன் வந்தால் ஏழு தலைமுறையைத் துருவித் துருவி விசாரிப்பவர்கள் நாம். இவ்வளவு உரிமையோடு நம் வீட்டில் உலவும் இந்தச் சொல் எந்த ஊரில் பிறந்தது, அதன் குலம் கோத்திரம் என்ன என்று என்றைக்காவது விசாரித்திருக்கிறோமா? தோழியரே, வாருங்கள், விசாரித்துத்தான் பார்ப்போம்.

இந்தச் சொல்லின் பூர்விகம் ரோமாபுரி. லத்தீன் மொழியில் ‘பிரைஸ்ட்ரிங்கெரே’ என்றொரு வினைச்சொல் உண்டு. ‘பிரை’ என்றால் முன்னால். ‘ஸ்ட்ரிங்கெரே’ என்றால் இறுக்கிக் கட்டுதல். கண்ணைக் கட்டிவிடுவது, பார்வையைக் கூசச் செய்து மங்கவைப்பது ஆகியவற்றுக்கு ரோமானியர் இந்த வினைச்சொல்லைப் பயன்படுத்தினார்கள். இதிலிருந்து வந்தது ‘பிரைஸ்டிகியே’ என்ற பெயர்ச்சொல். தெருவில் கூட்டம் கூட்டி, இருப்பதை இல்லாததாகவும் இல்லாததை இருப்பதாகவும் காட்டும் வித்தைக்காரனின் தந்திரங்களுக்கு அதுவே பெயர். அந்த வித்தைக்காரனை ‘பிரைஸ்டிகியாட்டோர்’ என்று அழைத்தார்கள்.

இதைப் படித்தவுடன் நம் மொழியில் உள்ள ஒரு சொல் உங்களுக்கு நினைவு வந்திருக்கும். ஆம், கண்கட்டு வித்தை! அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமையாது. ரோமானியரும் தமிழரும் ஒருவரையொருவர் கலந்துபேசிப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். பார்த்த வேடிக்கை ஒரே மாதிரி இருந்தது. பார்த்தவர் மனத்தில் எழுந்த எண்ணமும் ஒரே மாதிரி இருந்தது. அவ்வளவுதான். ஆகவே, நாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லும் ‘பிரஸ்டீஜ்’ என்ற சொல்லின் பூர்விகப் பொருள் கண்கட்டு வித்தை என்பதே.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செனெக்கா என்ற ரோமானிய அறிஞர் தம் நண்பருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் இந்த வித்தைக்காரர்களைக் குறிப்பிடுகிறார். அவர்கள் சிறு கிண்ணங்களையும் கூழாங்கற்களையும் வைத்து வித்தை காட்டுவார்களாம். கல் எந்தக் கிண்ணத்துக்கு அடியில் இருக்கிறது என்று பார்ப்பவர் கண்டுபிடிக்க முடியாது. நம் ஊர்ச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் இதே வித்தையைக் காட்டியிருக்கிறார்கள். செப்பு என்ற சிறு கிண்ணத்தை வைத்துக் காட்டியதால் நம் முன்னோர் அதைச் செப்பிடு வித்தை என்றார்கள். செனெக்கா சொல்லும் கருத்து சுவையானது. இந்த ஏமாற்று யாருக்கும் தீங்கு செய்வதில்லை; ஏமாறுவதே இன்பமாகவும் இருக்கிறது; ஆனால் அது எப்படிச் செய்யப்படுகிறது என்று யாராவது காட்டிக் கொடுத்துவிட்டால் அதன் பிறகு அதில் ஈடுபாடு போய்விடுகிறது என்கிறார் அவர். இந்தக் கருத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நமக்குத் தேவைப்படும்.

லத்தீனிலிருந்து பிரெஞ்சு மொழிக்கும், அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் இந்தச் சொல் பயணம் செய்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இதை எடுத்துக்கொண்டபோதும் அதன் பொருள் தந்திரம், மாயத்தோற்றம் என்பதாகவே இருந்தது. ‘பிரஸ்டீஜியஸ்’ என்ற உரிச்சொல் அதற்கும் முன்பே, பதினாறாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டது. ஏமாற்றுகின்ற, மாயம் செய்கின்ற என்பதே அதன் பொருள். இன்று நாம் ஒரு பள்ளியையோ கல்லூரியையோ பாராட்ட அந்தச் சொல்லைத்தான் தேடி எடுக்கிறோம். அந்தக் காலத்து ஆங்கிலேயர் ஒருவரிடம் போய், “உங்கள் பள்ளி பிரஸ்டீஜியஸ் பள்ளி” என்று புகழ்ந்திருந்தால், அவர் நம்மைக் கைத்தடியோடு துரத்தியிருப்பார்! அந்தச் சொல் இன்றைய புகழ்ச்சிப் பொருளில் நிலைபெற்றது இருபதாம் நூற்றாண்டில்தான்.

ஏமாற்று என்று பொருள்பட்ட சொல் எப்படிப் பெருமை என்ற பொருளுக்கு வந்தது? இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. வித்தையைக் குறித்த சொல் மெல்ல மெல்ல, வித்தை பார்ப்பவரின் மனமயக்கத்தைக் குறிக்கத் தொடங்கியது. ஒருவருடைய பெயரைக் கேட்டவுடன் நம் அறிவு வாயடைத்துப்போய் நிற்கிறதே, அந்த வசியம்தான் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படிப்பட்ட வசியத்துக்கு ஐரோப்பாவில் பெரிய எடுத்துக்காட்டாக விளங்கியவர் நெப்போலியன். 1815-இல் நடந்த வாட்டர்லூ போருக்குப் பிறகு அவரைப் பற்றி எழுதிய சர் வால்டர் ஸ்காட், நெப்போலியன் பெயரோடு ஒட்டியிருந்த வசியத்தைச் சொல்ல இந்தப் பிரெஞ்சுச் சொல்லையே எடுத்தாண்டார். அன்று முதல் ஆங்கிலத்தில் அதற்குப் புதுவாழ்வு.

இப்படி மந்திரவாதி வீட்டில் பிறந்து மரியாதைப்பட்டவர் வீட்டில் வாழ்க்கைப்பட்ட சொல் இது ஒன்றுதான் என்று எண்ணிவிடாதீர்கள். ‘கிளாமர்’ என்ற சொல்லும் அப்படித்தான். இலக்கணத்தைக் குறிக்கும் ‘கிராமர்’ என்ற சொல்லே ஸ்காட்லாந்தில் உருமாறிக் ‘கிளாமர்’ ஆயிற்று. எழுத்தறிவு சிலருக்கே இருந்த காலத்தில், புத்தகம் படிக்கத் தெரிந்தவனுக்கு மந்திரமும் தெரிந்திருக்கும் என்று மக்கள் நம்பினார்கள். அதனால் கண்ணை மறைக்கும் மந்திரத்துக்கு அந்தப் பெயர் வந்தது. இலக்கண வகுப்பில் தூங்கி விழும் தோழியர் இந்தச் செய்தியைச் சற்றுக் கவனிக்க வேண்டும்!

இருக்கட்டும். ஒரு பெயரின் வசியம் ஒரு நாட்டையே என்ன செய்யக்கூடும் என்பதற்கு அதே பிரான்ஸ் நாட்டு வரலாறு சாட்சி கூறுகிறது. நெப்போலியன் 1821-இல் செயின்ட் ஹெலனா தீவில் இறந்தார். அவருடைய தம்பியின் மகன் லூயி நெப்போலியன். இவர் 1836-இலும் 1840-இலும் ஆட்சியைப் பிடிக்க முயன்று தோற்றார். சிறையில் அடைக்கப்பட்டு, 1846-இல் அங்கிருந்து தப்பினார். போர்க்களத்தில் புகழ் பெற்றவரும் அல்லர். நாட்டை ஆண்டு அனுபவம் பெற்றவரும் அல்லர். ஆனாலும் 1848 டிசம்பரில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில், பதிவான வாக்குகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அவருக்கு விழுந்தது. நாட்டுப்புறத்து உழவர்களில் பலருக்கு வேட்பாளர்களில் தெரிந்த பெயர் அது ஒன்றுதான். 1852-இல் அவர் பேரரசராகவே ஆகிவிட்டார்.

அந்தப் பேரரசு எப்படி முடிந்தது தெரியுமா? 1870-ஆம் ஆண்டு ஜூலை மாதம். பிரஷ்ய அரச குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இளவரசரை ஸ்பெயின் நாட்டு அரியணையில் அமர்த்தும் பேச்சு எழுந்தது. பிரான்ஸ் எதிர்த்தது. இளவரசரின் தரப்பினர் ஒதுங்கிக்கொண்டார்கள். பிரச்சினை அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். ஆனால், ‘இனி எக்காலத்திலும் இப்படி நேராது என்று உறுதி தர வேண்டும்’ என்று பிரான்ஸின் தூதர் பிரஷ்ய மன்னரிடம் மேலும் கேட்டார். மன்னர் மறுத்துவிட்டார். அந்தச் சந்திப்பைப் பற்றிய தந்தி, அமைச்சர் பிஸ்மார்க்கின் கைக்கு வந்தது. அவர் அதைச் சுருக்கி, தூதரை மன்னர் அவமதித்து அனுப்பியதுபோலத் தோன்றும்படி செய்து வெளியிட்டார். பாரிஸ் நகரம் கொதித்தது. ஜூலை 19-ஆம் தேதி பிரான்ஸ் போர் அறிவித்தது. செப்டம்பர் 2-ஆம் தேதி செடான் என்ற இடத்தில் பேரரசரே எதிரியிடம் சரணடைந்து கைதியானார். கேட்டது கிடைத்த பின்னும், நாட்டின் பிரஸ்டீஜ் என்ற பெயரில் இன்னும் ஒரு படி மேலே போனதற்குக் கொடுத்த விலை அது. எத்தனை தாய்மார்கள் பிள்ளைகளை இழந்தார்கள்!

பிரெஞ்சு அறிஞர் குஸ்தாவ் லெ போன், மக்கள் கூட்டத்தின் மனப்போக்கைப் பற்றி 1895-இல் எழுதிய நூலில் பிரஸ்டீஜைப் பற்றித் தனியே ஆராய்கிறார். பெயர், செல்வம், பட்டம், சீருடை ஆகியவற்றால் ஒருவருக்கு வந்து ஒட்டிக்கொள்ளும் பிரஸ்டீஜ் ஒருவகை. அவருடைய ஆளுமையிலிருந்து எழுவது மற்றொரு வகை என்று பிரித்துக் காட்டுகிறார். எந்த வகையானாலும் அது பார்ப்பவரின் ஆராயும் அறிவை முடக்கிவிடுகிறது என்பது அவர் கருத்து. அதைப் பற்றிக் கேள்வி கேட்கத் தொடங்கிய கணமே அது பிரஸ்டீஜாக இருப்பது நின்றுவிடுகிறது என்றும் சொல்கிறார். செனெக்காவை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? இருவருக்கும் இடையே பதினெட்டு நூற்றாண்டுகள். ஆனால் சொன்னது ஒன்றேதான். வித்தையின் சூட்சுமம் தெரிந்தால் வித்தை செத்தது.

சரி, ரோமாபுரியையும் பாரிஸையும் விட்டுவிட்டு நம் ஊருக்கு வருவோம். பிரஸ்டீஜ் என்ற சொல் வருவதற்கு முன் நாம் என்ன சொல்லிக்கொண்டிருந்தோம்? கௌரவம், மதிப்பு, மரியாதை, மானம், பெருமை என்ற சொற்கள் நம்மிடம் இருந்தன. அவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்தி விசாரிப்போம். கௌரவம் வடமொழியிலிருந்து வந்த சொல். கனமானது என்று பொருள்படும் ‘குரு’ என்ற சொல்லடியாகப் பிறந்தது. கனம், பாரம் என்பதே அதன் அடிப்படைப் பொருள். நமக்குக் கற்பிப்பவரைக் குரு என்று அழைப்பதும் அதே சொல்லால்தான். மதிப்பு என்பது மதித்தல், அதாவது அளவிடுதல் என்பதிலிருந்து வந்தது. மானம் என்ற சொல்லுக்கு அளவு என்ற பொருளையும் அகராதி தருகிறது. மரியாதை என்ற வடசொல்லுக்கு மூலப்பொருள் எல்லை, வரம்பு. பெருமை என்பதோ ‘பெரு’ என்ற அடியில் பிறந்த தூய தமிழ். அளவில் பெரிதாக இருப்பது.

இந்தச் சொற்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். எடை, அளவு, எல்லை, பருமன்! எல்லாம் தராசிலும் முழக்கோலிலும் வைத்துச் சோதிக்கக்கூடியவை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, ‘எங்கே, இதன் கனம் எவ்வளவு?’ என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவை. பிரஸ்டீஜ் ஒன்றுதான், ‘கேட்காதே, கண்ணை மூடிக்கொள்’ என்று சொல்லிக்கொண்டு பிறந்த சொல். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொண்டதில்தான் நம்முடைய துன்பம் தொடங்குகிறது. கௌரவத்தைக் காப்பாற்றுகிறோம் என்று எண்ணிக்கொண்டு, பல வேளைகளில் நாம் ஒரு கண்கட்டு வித்தையைத்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். ‘நல்ல பெயர் என்பது வேண்டாமா? ஒரு மருத்துவமனைக்கு நல்ல பெயர் இருப்பதால்தானே வெளியூர்க்காரர் நம்பி வருகிறார்? ஒரு பள்ளிக்கு நல்ல பெயர் இருப்பதால்தானே பெற்றோர் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள்?’ உண்மைதான். நல்ல பெயர் அவசியம் வேண்டும். முன்பின் தெரியாத இடத்தில் அது நமக்கு வழிகாட்டும் விளக்கு. ஆனால் நற்பெயர் வேறு, பிரஸ்டீஜ் வேறு. நற்பெயரைக் கேள்வி கேட்டால் அது தன் கணக்கைத் திறந்து காட்டும். ‘இத்தனை நோயாளிகள் குணமானார்கள், இத்தனை மாணவியர் முன்னேறினார்கள், வந்து பாருங்கள்’ என்று சொல்லும். பிரஸ்டீஜைக் கேள்வி கேட்டால் அதற்குக் கோபம் வரும். ‘எங்களைப் பார்த்தா இப்படிக் கேட்கிறாய்?’ என்று சீறும். இரண்டையும் பிரித்தறிய இதைவிட எளிய சோதனை இல்லை.

இனி நம் வீட்டுக் காரியங்களைப் பார்ப்போம். பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வரதட்சணைத் தடைச் சட்டம் இந்நாட்டில் 1961-இலேயே வந்துவிட்டது. ஆனால் சட்டம் வந்த பிறகும் வரதட்சணை பெயரை மாற்றிக்கொண்டு வாழ்கிறது. ‘நாங்கள் எதுவும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு உங்கள் பிரஸ்டீஜுக்குத் தகுந்தபடி செய்யுங்கள்’ என்று மாப்பிள்ளை வீட்டார் சிரித்துக்கொண்டே சொல்வதை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். எவ்வளவு சாமர்த்தியமான வாக்கியம்! கேட்டவர் யாரும் இல்லை. ஆனால் கொடுக்க வேண்டியவர் மட்டும் இருக்கிறார். அதன்பின் பெரிய மண்டபம், அச்சடித்த விலையுயர்ந்த அழைப்பிதழ், பந்தியில் இருபது வகைப் பலகாரம், நகைக்காக ஒரு கடன், அந்தக் கடனின் வட்டிக்காக இன்னொரு கடன். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, பாயசத்தில் இனிப்புக் குறைவு என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். தகப்பனார் மட்டும் பல ஆண்டுகள் தவணை கட்டுகிறார். அவ்வளவு பணமும் எதற்குச் செலவானது? ஒரே நாளில் சில நூறு பேரின் கண்ணைக் கூசவைப்பதற்கு. லத்தீன் வினைச்சொல்லின் பொருள் இங்கே எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள்.

இதைவிட வேதனையானது, குடும்பத்தின் பிரஸ்டீஜ் முழுவதையும் பெண்பிள்ளையின் தலையில் தூக்கி வைக்கும் வழக்கம். மகன் இரவு பத்து மணிக்கு வீடு திரும்பினால் குறையாத கௌரவம், மகள் கல்லூரிப் பேருந்துக்காகத் தெருமுனையில் நின்றால் குறைந்துவிடுகிறதாம். ‘பெண்ணை வெளியூருக்கு அனுப்பிப் படிக்கவைத்தால் ஊர் என்ன சொல்லும்?’ என்கிறார்கள். ஊர் ஒரு வாரம் பேசும். பிறகு வேறு வீட்டைப் பற்றிப் பேசப் போய்விடும். நின்றுபோன படிப்போ வாழ்நாள் முழுவதும் நின்றுபோனதுதான். நன்றாகப் படிக்கும் பெண்ணைப் பாதியில் நிறுத்தி மணம் முடிப்பதால் அந்தக் குடும்பத்தின் கனம் எத்தனை குண்டுமணி கூடியது என்று யாராவது தராசில் வைத்துச் சொல்லட்டும்.

‘அதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது, ஊரோடு ஒத்து வாழ வேண்டும்’ என்பவர்களுக்கு ஒருவரை நினைவூட்ட விரும்புகிறேன். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி. அங்கிருந்த மகாராஜா கல்லூரியில் சேர அவர் விரும்பியபோது, அது ஆண்கள் மட்டுமே படித்துவந்த கல்லூரி. பெண் ஒருத்தி வந்து வகுப்பில் உட்காருவதா என்று எதிர்ப்பு எழுந்தது. தம் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று கூறினார்கள். அவருடைய தாயாரின் குலத்தைச் சுட்டிக்காட்டியும் பேசினார்கள். எதிர்த்தவர்கள் தங்கள் கௌரவத்தைக் காப்பதாகவே நம்பியிருப்பார்கள். ஆனால் புதுக்கோட்டை மன்னர் அனுமதி அளித்தார். அந்தப் பெண் 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி மருத்துவரானார். 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராகி, பெண் குழந்தைகளைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அதைத் தடை செய்யும் சென்னை மாகாணச் சட்டம் 1947-இல் நிறைவேறியது. ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கினார். 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை ஏற்படுத்தினார். அவர்தாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

அன்று கல்லூரியின் பிரஸ்டீஜைப் பற்றிக் கவலைப்பட்டவர்களின் பெயர்கள் இன்று யாருக்குத் தெரியும்? மகாராஜா கல்லூரியின் பெருமையைப் பேசுபவர்கள் இன்று முதலில் எடுத்துச் சொல்வது அந்தப் பெண்ணின் பெயரைத்தான். எது கண்கட்டு, எது கனம் என்பதைக் காலம் தராசில் வைத்து நிறுத்துக் காட்டிவிட்டது. பிறப்பை வைத்துச் சிறப்பைக் கணிக்கக் கூடாது, செயலை வைத்தே கணிக்க வேண்டும் என்ற கருத்தைத் திருவள்ளுவர் ‘பெருமை’ என்ற தலைப்புள்ள அதிகாரத்தில்தான் வைத்திருக்கிறார் என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

பெரியவர்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள வேண்டாம், தோழியரே. நம்மிடமும் இந்த வித்தை உண்டு. பேருந்தில் அம்மாவோடு தமிழில் பேசினால் கௌரவக் குறைவு என்று எண்ணும் பெண்கள் நம்மிடையே இல்லையா? மதிய உணவு வேளையில் கேழ்வரகு அடையை டப்பாவின் மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிடுபவர்கள் இல்லையா? பெற்றோர் கூட்டத்துக்கு அப்பா பட்டறையிலிருந்து அப்படியே வந்துவிடுவாரோ என்று பயப்படுபவர்கள் இல்லையா? அந்தப் பட்டறைக் கரிதான் நம்முடைய கட்டணமாகவும் காலணியாகவும் புத்தகமாகவும் மாறி வந்திருக்கிறது. அதைவிடக் கனமான பொருள் நம் வீட்டில் வேறு என்ன இருக்கிறது? யாரிடம் எந்தக் கைபேசி, யார் வீட்டில் எந்தக் கார் என்று கணக்கெடுத்துத் தோழமையை அளக்கும்போது நாமும் கிண்ணத்துக்கு அடியில் கூழாங்கல்லைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

மேற்படிப்பிலும் இதே கதைதான். மருத்துவம், பொறியியல் என்றால் பிரஸ்டீஜ். செவிலியர் பயிற்சி, ஆசிரியப் பயிற்சி, விவசாயம், தையற்கலை என்றால் முகம் சுளிப்பு. ஒரு பெண் எதை விரும்புகிறாள், எது அவளுக்குக் கைவரும் என்று கேட்பதற்கு முன், பக்கத்து வீட்டில் சொன்னால் எது கேட்க நன்றாக இருக்கும் என்று பார்க்கிறோம். செவிலியர் தொழிலே ஒரு காலத்தில் இங்கிலாந்தில் இழிவாக எண்ணப்பட்டது. வசதியான குடும்பத்தில் பிறந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அந்தத் தொழிலை விரும்பியபோது அவர் வீட்டார் எதிர்த்தார்கள். 1854-இல் கிரிமியப் போரில் காயமுற்றவர்களுக்குத் தொண்டு செய்யப் புறப்பட்ட அவர், 1860-இல் லண்டனில் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். தொழில் அவருக்குக் கௌரவம் தரவில்லை. அவர்தான் தொழிலுக்குக் கௌரவம் தந்தார்.

நாம் எல்லோரும் ஒரே நிறச் சீருடை அணிந்து வருகிறோம். அது ஏன் என்று சின்ன வகுப்பில் நமக்குப் புரியவில்லை. பட்டுப்பாவாடைக்கும் பருத்திப்பாவாடைக்கும் உள்ள வித்தியாசத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு, உள்ளே வந்து நம் அறிவையும் உழைப்பையும் குணத்தையும் மட்டும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. பன்னிரண்டு ஆண்டுகள் அதை அணிந்துவிட்டு, வெளியே போன மறுநாளே பழையபடி துணியைப் பார்த்து மனிதரை எடை போடத் தொடங்கினால், நாம் இங்கே கற்றதுதான் என்ன?

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். இனிமேல் வீட்டில் யாராவது, “நம் பிரஸ்டீஜ் என்ன ஆவது?” என்று சொன்னால், பணிவோடு இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். ‘பார்ப்பவர் ஒருவரும் இல்லாவிட்டாலும் இதைச் செய்வோமா?’ என்பது முதல் கேள்வி. ‘இதைச் செய்வதால் நம் வீட்டில் யாருடைய சுமை கூடுகிறது?’ என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்ற பதில் வந்தால், அது மெய்யான கௌரவமாக இருக்கலாம், துணிந்து செய்யுங்கள். இரண்டாவது கேள்விக்கு, அப்பாவின் கடன், அம்மாவின் வளையல், அக்காவின் படிப்பு என்று பதில் வந்தால், சற்று நின்று யோசிப்போம்.

குரலை உயர்த்த வேண்டியதில்லை. பெரியவர்களை எதிர்த்துப் பேச வேண்டியதும் இல்லை. அவர்கள் மனத்திலும் அதே கேள்வி பல நாளாக இருந்திருக்கும். முதலில் கேட்க யாருக்கும் துணிவில்லாமல் இருந்திருக்கும். நம் வீட்டில் அதை முதலில் கேட்பவள் நாமாக இருந்தால், ஒரு கடன் குறையலாம். ஒரு சண்டை தீரலாம். பாதியில் நிற்க இருந்த ஒரு தங்கையின் படிப்பு தொடரலாம்.